சாவி கொடுக்கும் மெட்ரோனோம் நொண்டினால் என்ன செய்வது?

பியானோ சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் போன வருஷம் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் கூம்பு வடிவ மரப்பெட்டி, ஜெர்மனியில் செய்த பழைய மெட்ரோனோம். வாசிப்பவர் வேகம் தவறாமலிருக்க, ஒரு தண்டு ஆடி ஆடி 'டக் டக்' என்று அடி போட்டுக் காட்டும் கருவி அது. "தம்பி, ஓடத்தான் செய்யுது. ஆனா நொண்டுது. கொஞ்ச நேரத்துல நின்னும் போகுது. பிள்ளைங்க இதைக் கேட்டு வாசிச்சா ஸ்கேல் எல்லாம் கோணிப்போகுது" என்றார். சாவி கொடுத்துத் தண்டை விட்டேன். டக்-டக்... டக்-டக்... டக்-டக்... இரண்டு அடி சேர்ந்து விழுகிறது, அப்புறம் ஒரு இடைவெளி. அவர் சொன்னது சரிதான்.

அந்த நொண்டலைப் பெட்டியைத் திறக்காமலேயே சரிசெய்ய முடிந்தது. அடியில் ஒரு பக்கத்து ரப்பர்க் கால் காய்ந்து உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். பாதியில் நின்றுபோவதற்கு மட்டும் திறக்க வேண்டியிருந்தது. இதுவரை பத்துப் பதினைந்து மெட்ரோனோம் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே ஏதாவது உடைந்துபோய் வந்தவை இரண்டோ மூன்றோ இருக்கும். மற்றதெல்லாம் அழுக்கு, காய்ந்த எண்ணெய், சாய்வு. அதனால் திருப்புளியை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள். எங்கே கோளாறு என்பதைப் பெரும்பாலும் சத்தமே சொல்லிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டி, நிமிஷத்துக்கு 60 அடி வரும்படி ஆட்ட வேண்டுமென்றால் நூல் கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம் வேண்டும். 40 அடிக்கு 2.2 மீட்டருக்கு மேல் போய்விடும். மேசையில் வைக்கிற சாமான் இல்லை அது. 1814இல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த டீட்ரிக் நிக்கோலஸ் விங்கெல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தண்டின் நடுவே அச்சு, கீழே ஒரு கனமான குண்டு, மேலே ஒரு சிறிய குண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறையச் சமன்செய்துவிடுவதால் சாண் நீளத் தண்டுகூட மெதுவாக ஆடும். மேல்குண்டை உயர்த்தினால் இன்னும் மெதுவாகும், இறக்கினால் வேகம் கூடும். யோஹான் நெபோமுக் மெல்ட்ஸெல் என்பவர் அதோடு எண் அளவுகோலைச் சேர்த்து 1815இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டார். இசைக்குறிப்புப் புத்தகங்களில் வேகத்துக்கு முன்னால் எம்.எம். என்று போடுவது மெல்ட்ஸெலின் மெட்ரோனோம் என்பதன் சுருக்கம். விங்கெலின் பெயருக்கு அதில் இடமில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

ஊசல் தானாக ஆடி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஸ்பிரிங். சாவி கொடுத்ததும் சுருண்ட ஸ்பிரிங் பற்சக்கரங்களைத் தள்ளும். கடைசிச் சக்கரத்துக்கு எஸ்கேப் வீல் என்று பெயர். தண்டின் அச்சில் இரண்டு சின்னத் தகடுகள் இருக்கும். கடிகாரக்காரர்கள் பல்லட் என்பார்கள். தண்டு ஆட ஆட இந்த இரண்டு தகடும் மாறி மாறி எஸ்கேப் வீலின் பல்லைப் பிடித்து விடும். விடும்போது தண்டுக்கு ஒரு சின்ன உந்துதல் கிடைக்கும். அடுத்த பல் தகட்டில் வந்து மோதுகிற சத்தம்தான் நாம் கேட்கிற 'டக்'. பெட்டி அதைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. வெளியே எடுத்து ஓட்டினால் சத்தம் மெலிந்து கேட்கும். அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்.

திறக்காமல் செய்யும் சோதனை

தரை மட்டமாக இருக்கும் ஒரு இடத்தில் வையுங்கள். பியானோவின் மேல்பலகையை நம்ப வேண்டாம். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் போதும். மணி அடிக்கும் வகை என்றால் பக்கவாட்டில் இருக்கும் இழுகம்பியை 0க்குத் தள்ளிவிடுங்கள். மணி அடிப்பதற்கும் ஸ்பிரிங்கின் சக்தியே செலவாகிறது. சோதனையின்போது அது குழப்பும். முழுச் சாவி கொடுத்து, மேல்குண்டின் மேல்விளிம்பை 60க்கு நேராக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேளுங்கள். அப்புறம் 144லும் கேளுங்கள்.

அடிகள் சீராக வந்து, சாவி தீருவதற்கு வெகு முன்பே நின்றுவிட்டால் உள்ளே அழுக்கு. ஆரம்பத்தில் தெளிவாக ஒலித்து, நாலைந்து நிமிஷத்தில் தண்டின் வீச்சு குறைந்துகொண்டே போய் நின்றாலும் அதே கதைதான். நொண்டினால் சாய்வு, அல்லது தண்டு வளைந்திருக்கிறது, அல்லது பல்லட் தன் இடத்திலிருந்து விலகியிருக்கிறது. சத்தம் மங்கலாக, அதிர்வோடு வந்தால் கீழ்ப்பலகையின் திருகு தளர்ந்திருக்கலாம். சாவி எவ்வளவு திருப்பினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது அதன் நுனி கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது.

"ஓவரா சாவி கொடுத்துட்டேன், அதான் நின்னுடுச்சு" என்று பலர் குற்ற உணர்ச்சியோடு சொல்வார்கள். அப்படி இல்லை. முழுக்கச் சுற்றிய ஸ்பிரிங்தான் அதிக விசையோடு தள்ளும். அந்த விசைக்கும் ஓடவில்லை என்றால் வழியில் எங்கேயோ பிசின் அடைத்திருக்கிறது. சாவி கொடுத்தவர் மேல் தப்பில்லை.

தண்டின் வீச்சு, எத்தனை நிமிஷம் ஓடியது, எந்த வேகத்தில் நொண்டியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க இது ஒன்றுதான் ஆதாரம்.

நொண்டலுக்கு முதல் மருந்து

மட்டமான இடத்தில் ஓடவிட்டு, ஒரு விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து வலது பக்கம் அடியில் செருகுங்கள். கேளுங்கள். பிறகு எடுத்து இடது பக்கம் செருகுங்கள். ஒரு பக்கத்தில் நொண்டல் கூடும், மறுபக்கத்தில் குறையும். குறைகிற பக்கத்தில் ஒவ்வொரு அட்டையாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் டக், டக், டக், டக் என்று சமமாகிவிடும். அந்த நொடியில் தோளில் இருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருக்கும்.

சமமான பிறகு, அடியில் இருக்கும் கால்களைப் பாருங்கள். ஒன்று தேய்ந்தோ விழுந்தோ இருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே உயரத்தில் புது ரப்பரோ ஃபெல்ட்டோ ஒட்டுங்கள். கால்கள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் நொண்டுகிறது என்றால் தண்டைப் பாருங்கள். ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். கீழே விழுந்த மெட்ரோனோமிலும், தண்டை அதன் கொக்கியில் மாட்டாமலேயே மூடியைப் போட்டு அழுத்தியதிலும் இந்த வளைவு வரும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நொண்டல் 40, 50இல் மிக மோசமாகவும் 160, 200இல் கிட்டத்தட்டத் தெரியாமலும் இருந்தால் முதலில் வளைந்த தண்டைச் சந்தேகப்படுங்கள். மெதுவான வேகத்தில் மேல்குண்டு உச்சியில் இருக்கிறது. தண்டு துளி வளைந்தாலும் சமநிலை முழுதாக ஒரு பக்கம் போய்விடும். எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி நொண்டினால் பல்லட்டுக்கும் தண்டுக்கும் இடையில்தான் கோளாறு.

தண்டை நிமிர்த்தும்போது அச்சு இருக்கும் இடத்தில் பலம் கொடுக்கவே கூடாது. வளைவுக்குக் கீழே ஒரு கையால் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களால் மெல்ல மெல்ல நிமிர்த்துங்கள். ஒரே தடவையில் நேராக்கிவிடப் பார்த்தால் அச்சின் நுனி ஒடிந்துவிடும்.

பல்லட்டைத் திருகிச் சரிசெய்வது பற்றிப் பலர் சொல்வார்கள். புதிதாக இறங்குபவர் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அரை மில்லிமீட்டர் தவறினால் சக்கரம் பிடியில்லாமல் ஓடிப் பற்கள் நசுங்கும். அதற்குப் பதில், நொண்டல் எத்தனை அட்டையில் சமமானதோ அந்தத் தடிமனுக்கு ஃபெல்ட் துண்டை அந்தப் பக்கத்துக் காலில் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். பார்வைக்குக்கூடத் தெரியாது, அடி சுத்தமாக விழும்.

திறக்கும் முன் ஸ்பிரிங்கை இறக்குங்கள்

இந்த ஒரு பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சாவி கொடுத்த நிலையில் உள்ளே இருப்பதை அவிழ்த்தால் ஸ்பிரிங் ஒரே வீச்சில் விரியும். சக்கரப் பற்கள் போகும், விரலும் கிழியும்.

ஓடுகிற மெட்ரோனோம் என்றால் சுலபம், தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்ற பிறகும் தண்டைக் கையால் இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே இருங்கள். மிச்சமிருக்கும் விசையும் பல் பல்லாக இறங்கும். முழுச் சாவியோடு சிக்கிக்கொண்டு நிற்கிற ஒன்று வந்தால் பொறுமைதான் கருவி. ஒரு முறை அப்படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தண்டைத் தள்ளித் தள்ளி இறக்கியிருக்கிறேன். ஒரு தள்ளலுக்கு ஒரு 'டக்'. முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு அடியும் களிமண்ணில் கால் வைத்தாற்போல் வந்தது. அப்புறம் எங்கோ ஒட்டியிருந்தது விட்டது, நாலு அடி தானாக ஓடியது, மறுபடி நின்றது. இப்படியே முழுதும் இறங்கிற்று. சாவியைத் தொட்டால் லேசாக ஆட வேண்டும், எந்த எதிர்ப்பும் இருக்கக் கூடாது. அதுவரை திருப்புளி வேண்டாம்.

திறந்து சுத்தம் செய்வது

தேவையானவை அதிகமில்லை: திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி, சிமிட்டா, பல்குத்தும் குச்சி ஒரு டப்பா, மென்மையான பெயின்ட் பிரஷ், காற்றடிக்கும் ரப்பர் பல்பு, திருகுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம். எண்ணெய்க்கு மட்டும் கடிகாரக் கடையில் கேட்டு கிளாக் ஆயில் வாங்கிவிடுங்கள்.

பெரும்பாலான பெட்டிகளில் கீழ்ப்பலகையில் திருகுகள் இருக்கும். சிலவற்றில் அவை ஃபெல்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். சாவி பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதைக் கழற்றினால்தான் உள்பாகம் வெளியே வரும். பல வகைகளில் சாவி மரையில் ஏறியிருக்கும். சாவி கொடுக்கிற திசைக்கு எதிராகத் திருப்பினால் கழன்று வந்துவிடும். வராவிட்டால் முறுக்காதீர்கள், பக்கத்தில் ஒரு சிறு பூட்டுத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம் எடுங்கள். எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைப்பதுதான் ஆபத்து.

உள்பாகம் கையில் வந்ததும் சக்கரங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டீச்சரின் மெட்ரோனோமில் பற்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. குச்சியால் சுரண்டி முகர்ந்தால் தேங்காய் எண்ணெய்! யாரோ எப்போதோ நல்ல மனசோடு ஊற்றியிருக்கிறார்கள். நம் வீடுகளில் கீல் கத்தினாலும் தையல் மெஷின் இறுகினாலும் கை முதலில் அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாள்பட்டால் தூசியைச் சேர்த்துப் பிசினாகும். இவ்வளவு நுண்ணிய சக்கரத்துக்கு அது ஆகவே ஆகாது. துரு எடுக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அடித்தவுடன் ஓடும், கொஞ்ச நாளில் காய்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும்.

புதிதாகச் செய்பவர் சக்கரங்களைத் தாங்கும் தகடுகளைப் பிரிக்க வேண்டியதில்லை. கூட்டாக இருக்கும்போதே சுத்தம் செய்யலாம். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்து, பற்களைத் துலக்குங்கள். அச்சு முனைகள் தகட்டின் ஓட்டைக்குள் நுழையும் இடம்தான் முக்கியம். பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து அந்த ஓட்டையைச் சுற்றித் திருகுங்கள். குச்சி கறுத்து வரும். உடைத்துவிட்டு அடுத்த குச்சி. வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடாதீர்கள். டீச்சருடையதற்கு முப்பது குச்சிக்கு மேல் ஆயிற்று. எஸ்கேப் வீலின் ஒவ்வொரு பல்லையும், பல்லட்டின் இரண்டு முகங்களையும் தனித்தனியே துடையுங்கள்.

கடிகாரக்காரர்கள் வெள்ளைப் பெட்ரோல் பயன்படுத்துவார்கள். பித்தளைச் சக்கரத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் புதிய மாடல்களில் பிளாஸ்டிக் சக்கரங்கள் உண்டு, அவற்றுக்குப் பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். எதைப் பயன்படுத்தினாலும் சாமி விளக்கும் அடுப்பும் எரிகிற அறையில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பழைய மெட்ரோனோமின் அடிக்குண்டு பெரும்பாலும் ஈயம். தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் துருவையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்று முதலில் கை வைப்பது எஃகுப் பாகங்களில். மேலோட்டமான துருவை மென்மையான அழிரப்பரால் தேய்த்து எடுக்கலாம். ஸ்பிரிங்கில் குழி விழும் அளவுக்குத் துரு ஏறியிருந்தால் அது என்றைக்காவது உடையும்.

நன்றாகக் காயவிட்டு, பல்பால் காற்றடித்து, அப்புறம் எண்ணெய். ஒரு ஊசியின் நுனியைக் கிளாக் ஆயிலில் தொட்டு, ஒவ்வொரு அச்சு முனைக்கும் ஒரு பொட்டு. கடுகில் பாதி போதும். ஓட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் மாதிரி நிற்க வேண்டும். வழிந்தால் அதிகம், துடைத்துவிடுங்கள். பல்லட்டின் முகத்தில் அதைவிடக் குறைவாக, ஊசியால் தொட்டாற்போல். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கூடவே கூடாது. பல்லில் எண்ணெய் இருந்தால் தூசி ஒட்டும், தூசி அரம் போலப் பல்லைத் தேய்க்கும்.

கழன்று வரும் மேல்குண்டு

60இல் வைத்தது, வாசித்து முடிக்கும்போது 66இல் நிற்கிறதா? மேல்குண்டுக்குள் ஒரு சின்னத் தகட்டு ஸ்பிரிங் இருக்கும். தண்டின் வெட்டுகளில் அழுத்திக்கொண்டிருப்பது அதுதான். தளர்ந்துவிட்டால் ஆட ஆடக் குண்டு கீழே நழுவும். குண்டைத் தண்டின் உச்சி வழியாகக் கழற்றி, தகட்டைச் சிமிட்டாவால் மயிரிழை வெளியே வளைத்துவிட்டு மாட்டினால் சரியாகிவிடும். குண்டு தொலைந்துபோனால் அதே மாடலின் குண்டையே தேடிப்பிடியுங்கள். வேறு ஏதோ எடையை மாட்டினால் தண்டு ஆடத்தான் செய்யும், ஆனால் அளவுகோலின் எண்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

வேகம் சரியா?

120இல் வையுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச். ஒரு அடி விழும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, அந்த அடியைப் பூஜ்ஜியம் என்று எண்ணுங்கள். பலர் அதை ஒன்று என்று எண்ணிவிட்டு மெட்ரோனோம் வேகமாக ஓடுகிறது என்று முடிவுகட்டுகிறார்கள். சரியாக 120ஆவது அடி 60 விநாடியில் விழ வேண்டும். ஒரு அடி, இரண்டு அடி முன்பின் இருந்தால் கவலை வேண்டாம், எந்தக் காதுக்கும் அது தெரியாது. 60லும் 184லும் இதையே செய்யுங்கள்.

மெதுவான வேகங்கள் மட்டும் நிறையத் தவறினால் அடிக்குண்டு தளர்ந்து நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர்க் கடிகாரத்தில் குண்டை இறக்கினால் ஓட்டம் மெதுவாகும். மெட்ரோனோமில், மெதுவான வேகங்களில், நேர் எதிர். அடிக்குண்டு கீழே போனால் அடி வேகமாகும், மேலே ஏறினால் தாமதிக்கும். கடிகாரம் பழகியவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

கடிகாரக்காரரிடம் கொடுக்க வேண்டியவை

உடைந்த ஸ்பிரிங், பல் போன சக்கரம், ஒடிந்த அச்சு முனை. அச்சு சுழன்று சுழன்று தகட்டின் ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் 'புஷ் போடணும்' (ஓட்டைக்குள் புது வளையம் பொருத்தணும்) என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். சுவர்க் கடிகாரம், டைம்பீஸ் பார்க்கும் பழைய ஆட்கள் யாருக்கும் இது அன்னியமான வேலை இல்லை. ஸ்பிரிங் மாற்றினால் பழைய துண்டையும் கூடவே கொடுங்கள். அதே அகலம், அதே தடிமன் வேண்டும். தடிமன் கூடினால் விசை கூடி எஸ்கேப் வீலை அடித்துத் தேய்த்துவிடும்.

பெட்டியை மூடும் முன்

திருகுகளை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மரம் விரிசல் விடாது, பலகையும் சமமாக உட்காரும். ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, எடுத்து வைக்கும்போது தண்டைக் கொக்கியில் மாட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் சாவியை முழுக்க ஓடவிட்டு வையுங்கள்.

கீழ்ப்பலகையின் உட்பக்கத்தில் பென்சிலால் தேதியும், என்ன செய்தீர்கள் என்பதையும், முழுச் சாவிக்கு எத்தனை நிமிஷம் ஓடியது என்பதையும் எழுதுங்கள். டீச்சருடைய பெட்டியில் எனக்கு முன்னால் ஒருவர் எழுதியது மங்கலாக இருந்தது. பெயர் இல்லை, 1968 என்ற வருஷமும் பக்கத்தில் ஒரு சின்ன டிக்கும் மட்டும். அதற்குக் கீழே என்னுடையதை எழுதிவிட்டுப் பலகையை மூடினேன்.